சுருட்டி வைத்த புல்லுக்கும் மூச்சு வாங்கும்… தெரியுமா?

நர்சரி வாசலில் கோரைப்பாய் போலச் சுருட்டி அடுக்கி வைத்திருப்பார்களே, பச்சைப் பசேலென்று புல் பத்தை. அந்தச் சுருளுக்குள் கையை விட்டுப் பார்த்திருக்கிறீர்களா? விட்டுப் பாருங்கள், வெதுவெதுவென்று இருக்கும்! வெயிலில் கிடந்ததால் மட்டும் வந்த சூடு அல்ல அது. வேரோடும் மண்ணோடும் சீவி எடுத்த பிறகும் புல் சாகவில்லை. மூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறது. ஒட்டிக்கொண்டு வந்த மண்ணில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களும் கூடவே மூச்சு விடுகின்றன. சுருளுக்குள் காற்றோட்டம் இல்லை. வெளியேற வழியில்லாமல் சூடு ஏறிக்கொண்டே போகிறது. அண்டாவில் நெல் அவிவது போல, புல் தன் மூச்சிலேயே அவிந்துபோகிறது! முதலில் மஞ்சள், அடுத்து பழுப்பு, அப்புறம் ஒரு புளித்த வாடை. அந்த வாடை வந்துவிட்டால் எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினாலும் அது பிழைக்காது.

வெட்டிய 24 மணி நேரத்துக்குள் பதித்துவிட வேண்டும் என்று உலகம் முழுக்கப் புல்தரைக்காரர்கள் அடித்துச் சொல்வது இதனால்தான். சரி, அந்தமானில் வீடு கட்டி வாசலில் லான் போட நினைக்கிறவர் என்ன செய்வார்? சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் (2024 முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) நடுவே சுமார் 1,200 கிலோமீட்டர் கடல். கப்பலில் ஏறக்குறைய 3 நாள் பயணம். மனிதர்கள் தாங்குவோம். சுருட்டிய புல் எப்படித் தாங்கும்? தீவில் லான் போடுகிறவர் தீவிலேயே வளர்ந்த புல்லைத் தேடுவதுதான் முதல் புத்திசாலித்தனம். பத்தை கிடைக்காவிட்டாலும் கவலை வேண்டாம். ஒரு கைப்பிடி தண்டைத் துண்டுதுண்டாக நறுக்கி ஊன்றினால், கணுவுக்குக் கணு வேர் விட்டு ஒரே மழைக்காலத்தில் தரையை மூடிவிடும்.

வெளியூர் மண் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். அந்தமானில் மழை பெய்த மறுநாள் காலை தோட்டத்துக்குள் போனால், கை அளவு நத்தை ஊர்ந்து போவதைப் பார்க்கலாம். ஆப்பிரிக்க ராட்சத நத்தை! ஆப்பிரிக்காவில் பிறந்தது இங்கே எப்படி வந்தது? 1942 முதல் 1945 வரை ஜப்பானியப் படை இந்தத் தீவுகளைப் பிடித்து வைத்திருந்தபோது, சாப்பாட்டுக்காகக் கொண்டுவந்தது என்று சொல்கிறார்கள். படை போய்விட்டது, நத்தை போகவில்லை! ஒரே தடவையில் நூற்றுக்கணக்கில் முட்டை இடும், அதுவும் மண்ணுக்குள். சிறு பயறு அளவில், வெளிர் மஞ்சளாக, கொத்துக் கொத்தாக இருக்கும். புல் பத்தையோடு வருகிற அந்த இரண்டு சென்டிமீட்டர் மண்ணில் ஒரு கொத்து ஒளிந்திருந்தால் போதும், பக்கத்து வீட்டுப் பப்பாளிக்கும் கீரைக்கும் சேர்த்து வினை.

அப்படியானால் நல்ல பத்தையை எப்படிக் கண்டுபிடிப்பது? தீவில் ஒரு தோட்டக்காரர் எனக்குச் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. நான் மேலே தெரிந்த பச்சையைத் தடவிக்கொண்டிருந்தேன். "தம்பி, மூஞ்சியப் பாக்காதீங்க, கவுத்துப் பாருங்க" என்றார். கவிழ்த்தோம். அடிப்பக்கம் வெள்ளை வெளேரென்று வேர், நூல் நூலாகப் பின்னிக் கிடந்தது. "இது உசுரோட இருக்கு" என்று அந்தச் சுருளை என் பக்கம் தள்ளினார். அடுத்த சுருளில் வேர் காப்பிப்பொடி நிறத்தில் இருந்தது. அதைத் தொடக்கூட விடவில்லை! பிறகு ஒரு பத்தையின் முனையை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி உதறிக் காட்டினார். கிழியவில்லை, மண்ணும் கொட்டவில்லை. வேர் பின்னல் அவ்வளவு இறுக்கம். கடைசியாக மண்ணைக் கொஞ்சம் பிய்த்து விரலால் நசுக்கினார். எதற்கு என்று கேட்டால், "கோரைக் கிழங்கு!" கறுப்பாக, உருண்டையாக, மிளகை விடக் கொஞ்சம் பெரிதாக ஒன்றே ஒன்று இருந்தாலும் அந்த வருசம் முழுக்க லானில் கோரை பிடுங்குவதுதான் வேலை. மேலே பிடுங்கப் பிடுங்கக் கீழே கிழங்கு பெருகும்.

கனமான மண்ணோடு இருக்கிற பத்தைதான் நல்லது என்று பலரும் நினைக்கிறோம் இல்லையா? நேர்மாறு! மெல்லிசாகச் சீவிய பத்தைதான் சீக்கிரம் வேர் பிடிக்கும். தன்னோடு கொண்டுவந்த மண் நிறைய இருந்தால் புல் அதிலேயே சுகமாக உட்கார்ந்துவிடும். புது மண்ணுக்குள் இறங்க அவசரப்படாது. மண் கொஞ்சமாக இருந்தால் வேறு வழியில்லை, கீழே தேடித்தான் ஆக வேண்டும். ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் மண் தாராளம்.

இனி எந்தப் புல் என்று பார்ப்போம். அதில்தான் எத்தனை ஆச்சரியம்!

'பெர்முடா கிராஸ்' என்று ஆங்கிலப் பெயரில் பெருமையாக விற்கிறார்களே, அது யார் தெரியுமா? நம் பிள்ளையார் கழுத்தில் மாலையாகக் கிடக்கும் அருகம்புல்லேதான்! அட்லாண்டிக் கடலில் இருக்கும் பெர்முடா தீவுக்கும் அதன் பிறப்புக்கும் சம்பந்தமே இல்லை. அந்த அருகம்புல்லும் ஓர் ஆப்பிரிக்கச் சொந்தக்காரப் புல்லும் தற்செயலாகக் கலந்து பிறந்த ஒரு செடியை, அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து டிப்டன் ஊரில் கிளென் பர்ட்டன் என்ற விஞ்ஞானி தேர்ந்தெடுத்தார். அப்படிக் கிடைத்த 'டிப்வே' 1960இல் வெளியாகி, உலகின் வெப்பமான பகுதிகளில் விளையாட்டு மைதானங்கள் பலவற்றைப் பிடித்துக்கொண்டது. பெயரில் உள்ள 'டிப்' அந்த ஊர்தான். இதில் வியப்பு என்னவென்றால், குதிரைக்கும் கழுதைக்கும் பிறந்த கோவேறு கழுதை போல அந்தப் புல் மலடு! அதற்கு விதையே கிடையாது. அன்று பர்ட்டன் கையில் இருந்த அந்த ஒரே செடியின் தண்டைத்தான் வெட்டி வெட்டி, நட்டு நட்டு, கண்டம் கண்டமாகப் பரப்பியிருக்கிறார்கள்.

ஆனால் அருகம்புல்லுக்கு நிழல் ஆகாது. தென்னையும் பலாவும் கவிந்து நிற்கும் தீவு வீட்டுக் கொல்லையில் அது இளைத்துப் போகும். அப்படிப்பட்ட இடத்துக்குக் கேரளத்து நர்சரிகள் 'பஃபலோ கிராஸ்' என்று விற்கிற அகன்ற இலைப் புல் தோதானது. நிழலையும் புளிப்பு மண்ணையும் ஈரத்தையும் அது பொறுத்துக்கொள்ளும். பட்டுப்போன்ற அழகு வராது, ஆனால் கொல்லை வெறுந்தரையாகக் கிடக்காது.

என்னைக் கேட்டால், கடலோரத்து வீட்டுக்கு மணிலாப் புல்தான். பெயரில் மணிலா இருந்தாலும் வெப்பமண்டல ஆசியாவின் கடற்கரை மணலெல்லாம் அதன் தாய்வீடு. உப்புக் காற்று அடித்தால் மற்றச் செடிகளின் இலை கருகும். இது என்ன செய்கிறது தெரியுமா? இலையின் மேல்தோலில் கண்ணுக்குத் தெரியாத உப்புச் சுரப்பிகளை வைத்திருக்கிறது. வேர் வழியாக உள்ளே வந்த உப்பை அவை வழியாக வெளியே தள்ளிவிடுகிறது! காய்ந்த நாளில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் இலை மேல் உப்புப் பொடி மின்னும். நம் அருகம்புல்லுக்கும் இந்தச் சுரப்பி உண்டு. மணிலாப் புல் மெதுவாகத்தான் வளரும், அதனால் அடிக்கடி வெட்டவும் வேண்டாம்.

உப்பு அந்தத் தீவுகளுக்கு என்ன செய்யும் என்பதை 2004 டிசம்பர் 26 காட்டியது. அன்று வந்தது சுனாமி மட்டும் இல்லை, நிலமே இடம் மாறியது. தெற்கு அந்தமான் சுமார் 1 மீட்டர் தாழ்ந்தது, வடக்கு அந்தமானின் கரைகள் உயர்ந்தன! போர்ட் பிளேருக்குப் பக்கத்தில் சிப்பிகாட் பக்கம் நெல் விளைந்த வயல்களில் கடல் வந்து தங்கிவிட்டது. கடல் வந்து திரும்பிப் போன மேட்டு நிலங்களில் மட்டும் அடுத்தடுத்த மழைகள் உப்பைக் கழுவி இறக்கின. அவ்வளவு மழை பெய்கிற ஊர் அது.

எவ்வளவு மழை? வருடத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர்! ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். கணக்குப் போடுங்கள்: 100 சதுர மீட்டர் லானில் ஒரு வருடத்தில் விழுகிற மழை 3 லட்சம் லிட்டர்! அதே லானுக்கு ஜனவரி முடிந்ததும் தொண்டை வறண்டுவிடும். பிப்ரவரி, மார்ச், ஏப்ரலில் வானம் கையை விரிக்கும். நகரத்துக்குத் தண்ணீர் தரும் தனிகாரி அணையில் நீர் இறங்கும். குழாயில் முறை வைத்துத் தண்ணீர் வரும். புதிதாகப் பதித்த புல்லுக்கு நாளுக்கு 5 மில்லிமீட்டர் என்றாலும் அந்த 100 சதுர மீட்டருக்கு 500 லிட்டர் வேண்டும். குடிக்கவும் குளிக்கவும் குடம் வைத்துக் காத்திருக்கும் தெருவில் அதை எந்த மனதோடு ஊற்றுவது? அதனால் கோடையில் லான் போடாதீர்கள், தயவுசெய்து!

தென்மேற்குப் பருவமழை இந்தியாவில் முதலில் கால் வைப்பது கேரளாவில் என்றுதானே பள்ளியில் படித்தோம்? கேரளாவுக்கு ஜூன் 1 என்றால், அந்தமான் கடலுக்கு மே 20ஐ ஒட்டியே வந்துவிடுகிறது! ஆனால் அந்த முதல் கொண்டாட்டத்தில் புல் பதிக்க ஆசைப்பட்டால் அடுத்து வரும் கொட்டு மழை பத்தையைச் சரிவோடு வாரிக்கொண்டு போகும். அக்டோபர் கடைசி, நவம்பர் மாதம் பாருங்கள்: ஒரு பொழுது மழை, ஒரு பொழுது வெயில். புல்லுக்கு அதைவிட நல்ல தாய்மடி கிடையாது. கோடை வருவதற்குள் இரண்டு மாதம் வேர் இறங்க அவகாசமும் கிடைக்கும்.

பதிக்கும் விதம் கொத்தனார் செங்கல் அடுக்குகிற அதே விதம்தான். ஒரு வரிசையின் இணைப்புக்கு நேராக அடுத்த வரிசையின் இணைப்பு வரக்கூடாது. ஓரத்தோடு ஓரம் இடைவெளியே இல்லாமல் நெருக்க வேண்டும், ஒன்றின் மேல் ஒன்று ஏறவும் கூடாது. முதலில் வெயிலில் காய்வது ஓரம்தான். அங்கே ஒரு விரல்கடை இடைவெளி விட்டால் பழுப்புக் கோடு விழும். போர்ட் பிளேர் முழுக்க மேடும் பள்ளமும்தானே, அங்கே பத்தையைச் சரிவுக்குக் குறுக்காகப் போட்டு, மூங்கில் முளை அடித்து நிறுத்த வேண்டும். பிறகு ரோலர். ரோலர் எதற்கு, தரை சமமாகவா? அதற்கு மட்டுமில்லை. பத்தைக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு சிறு காற்றுப்பை நின்றாலும் அங்கே வேர் காற்றில் தொங்கிக் காய்ந்துபோகும். இந்தப் பதிக்கும் முறையை 13ஆம் நூற்றாண்டிலேயே ஆல்பர்டஸ் மேக்னஸ் என்ற ஐரோப்பியத் துறவி எழுதி வைத்திருக்கிறார்: களையைக் கிளறி எடு, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி மிச்ச விதையையும் கொல், புல் பத்தையைப் பரப்பு, அகன்ற மரச் சம்மட்டியால் அடித்து அமுக்கு. எண்ணூறு வருடம் ஆகப்போகிறது, அடிப்படை முறை மாறவே இல்லை!

பதித்த அரைமணி நேரத்துக்குள் முதல் தண்ணீர். பத்தையும் நனைந்து, அடியில் உள்ள மண்ணும் நனைய வேண்டும். எப்படித் தெரியும்? ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். முதல் வாரம் தினம் இரண்டு மூன்று தடவை தெளிப்பு, இரண்டாம் வாரம் ஒரு தடவை. அதன் பிறகு இடைவெளி விட்டு, ஆழமாக. எப்போதும் மேலேயே ஈரம் இருந்தால் வேர் கீழே இறங்காது. மாலையில் மட்டும் நனைக்காதீர்கள். ராத்திரி முழுக்க ஈர இலை, தீவின் புழுக்கம், இரண்டும் சேர்ந்தால் பூஞ்சைக்கு விருந்து. வட்ட வட்டமாகப் பழுப்பு விழும். விடியற்காலைதான் சரி. முதல் மாதம் யூரியா பக்கமே போகாதீர்கள். இலை மட்டும் எழும்பும், வேர் பின்தங்கும்.

விடியற்காலை என்றதும் ஒன்று சொல்லத் துடிக்கிறேன். லானில் ஒவ்வொரு இலை நுனியிலும் ஒரு முத்துத் துளி நிற்குமே, அதைப் பனி என்றுதானே நினைக்கிறோம்? பல நாள் அது காற்றிலிருந்து படிந்ததே இல்லை! ராத்திரி முழுக்க வேர் உறிஞ்சிய நீர் அதிகமாகி, இலை நுனித் துளை வழியே புல் தானே வெளியே தள்ளியது. பனி என்றால் இலை முழுக்கப் பூத்தூவலாகப் படிந்திருக்கும். நுனியில் மட்டும் ஒற்றைத் துளி நின்றால், கீழே வேர் வேலை செய்கிறது என்று அர்த்தம். புதுப் பத்தையில் முதன்முதலாக அந்தத் துளியைப் பார்க்கிற காலை இருக்கிறதே, பிள்ளைக்குப் பல் முளைத்த மாதிரி வீட்டில் எல்லோரையும் எழுப்பிக் காட்டத் தோன்றும்.

புல் வேர் எவ்வளவு தூரம் ஓடும் என்று நினைக்கிறீர்கள்? 1937இல் டிட்மர் என்ற ஆராய்ச்சியாளர் பெட்டியில் நான்கு மாதம் வளர்ந்த புல் இனத்து ரை தானியச் செடி ஒன்றே ஒன்றின் வேரை அளந்தார். அத்தனை கிளைகளையும் நீட்டி வைத்தால் சுமார் 620 கிலோமீட்டர்! சென்னையில் தொடங்கினால் திருநெல்வேலி! இப்போது யோசியுங்கள், பத்தையைச் சீவும் கத்தி அந்த வேரில் எவ்வளவை அறுத்துப் போட்டிருக்கும்! புதுப் புல்லுக்கு ஏன் அத்தனை தண்ணீர், அத்தனை கவனிப்பு என்பதற்கு வேறு விளக்கமே வேண்டாம். இரண்டு மூன்று வாரம் கழித்து ஓரத்தைப் பிடித்து மெல்ல இழுங்கள். பெயர்ந்து வந்தால் பொறுங்கள். கையோடு வராமல் பிடித்து நின்றால் வேர் இறங்கிவிட்டது. அன்றைக்குத்தான் முதல் வெட்டு, அதுவும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல். தலையை வெட்டினால் மற்றச் செடி துவளும், புல் துவளாது. காரணம், அதன் வளர்முனை இலை நுனியில் இல்லை, தரையை ஒட்டி அடியில் இருக்கிறது!

அந்தமானில் புல்வெட்டும் மெஷின்கள் நான்கு காலில் நடப்பதைப் பார்க்க வேண்டுமா? போர்ட் பிளேருக்கு எதிரே ராஸ் தீவுக்குப் போங்கள் (2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு). ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட புள்ளிமான்கள் கூட்டம் கூட்டமாகப் புல் மேயும். அவற்றை வேட்டையாட அந்தமானில் புலியோ சிறுத்தையோ கிடையாது. இந்த மான்கள் கடலில் நீந்தித் தீவுக்குத் தீவு போகும்! அழகுதான், ஆனால் காட்டின் இளங்கன்றுகளையும் அவை விடுவதில்லை. டென்னிஸ் மைதானம், தேவாலயம், பேக்கரி என்று அங்கே ஆங்கிலேயர் நடத்திய வாழ்க்கைக்கெல்லாம் அடியில் இருக்கும் மண்ணைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1858 மார்ச் 10 அன்று முதல் கப்பலில் வந்திறங்கிய 200 கைதிகளும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் விலங்கோடு காடு வெட்டித் திருத்திய நிலம் அது. இன்றைக்குக் கட்டடங்களை ஆலமர இனத்து வேர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கின்றன, கீழே புல் படர்ந்து கிடக்கிறது. ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி என்று நாம் வாழ்த்துவோமே, அந்த இரண்டையும் ஒரே பார்வையில் அங்கே பார்க்கலாம். நான் அங்கே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் புல்லில் நடந்தேன்.

இன்னொன்று கேளுங்கள். தொல்காப்பியர் கணக்குப்படி வெளியே வைரம் பாய்ந்தது புல், உள்ளே வைரம் பாய்ந்தது மரம். அப்படிப் பார்த்தால் அந்தமான் கரை முழுக்க வானளாவ நிற்கும் தென்னையும் புல்லேதான்! இன்றைய தாவரவியலும் தென்னையையும் புல்லையும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்று ஒரே பெரிய பிரிவில்தான் வைக்கிறது.

அந்தமானில் இன்னொரு புல்வெளியும் உண்டு, அதைத் தண்ணீருக்கு அடியில் தேட வேண்டும்! ஸ்வராஜ் தீவு, ஷாஹீத் தீவுப் பக்கம் ஆழமில்லாத கடலில் கடற்புல் படர்ந்திருக்கிறது. பெயர்தான் புல், உறவு வேறு. ஆனால் பாசி இல்லை அது, வேர் விட்டு, கடலுக்குள்ளேயே பூத்துக் காய்க்கிற முழுச் செடி! அதை மேய்வது அந்தமான் நிக்கோபாரின் மாநில விலங்கான ஆவுளியா, நம் மீனவர்கள் சொல்லும் கடல்பசு. ஒரு நாளைக்கு 30, 40 கிலோ புல் தின்னும்.

கடற்புல் அழிந்த இடத்தில் அதையும் பதிக்கிறார்கள், தெரியுமா? நம் பாக் விரிகுடாவில் செய்கிறார்கள். மூங்கில் சட்டத்தில் தேங்காய்நார்க் கயிறு கட்டி, உயிருள்ள கடற்புல் தண்டுகளைக் கயிற்றில் முடிந்து, கடலடி மணலில் கொண்டுபோய் வைக்கிறார்கள். மேலே நாம் லானுக்குப் படுகிற கவலையெல்லாம் அங்கேயும் உண்டு. அலை பத்தையை வாரிக்கொண்டு போகக்கூடாது, வேர் மணலைப் பிடிக்கும்வரை சட்டம் அசையக்கூடாது. அந்தப் பாக் விரிகுடாவில்தான் 2022 செப்டம்பரில் 448 சதுர கிலோமீட்டரில் கடல்பசுப் பாதுகாப்பகத்தைத் தமிழக அரசு அறிவித்தது. கடற்புல்லை வேரோடு பெயர்த்துத் தின்றுகொண்டே ஆவுளியா நகர்வதால், அது போன வழியில் நீளமாக ஒரு வெள்ளை மணல் கோடு விழும். தெளிந்த நாளில் படகிலிருந்து குனிந்து பார்த்தால், பச்சைக்கு நடுவே அந்தக் கோடுகள் வளைந்து வளைந்து போவது தெரியும்.